கல்லைத் திருப்பிக் கொடுத்தேன்

போன வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, ஆனைக்குட்டம் விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். பத்து வருஷமாக அந்த வழியாகத்தான் தினமும் போய் வருகிறேன். வீடு விருதுநகரில், வேலை சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில். ஆனாலும் அந்த விலக்கில் நான் இறங்கியது அதுதான் முதல் தடவை.

பையில் ஒரு வீடியோ கேம் மெஷின், ஒரு கேபிள், நாலு புது பேட்டரி.

நாற்பத்தாறு வயது ஆள். தாடியில் பாதி வெள்ளை. இதையெல்லாம் தூக்கிக்கொண்டு வெயிலில் எங்கே கிளம்பினாய் என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன். ஆனால் ஒன்று... வழக்கமாக இந்தப் பக்கத்தில் என்னைப் பார்த்து நீங்கள் சிரிப்பீர்கள். இந்த வாரம் அதற்கு அதிகம் வாய்ப்பு இருக்காது.

மெஷின் என் மகள் ஷாநாஸுடையது. துபாயில் இருக்கும் என் மச்சான் லீவில் வந்தபோது கொண்டுவந்து கொடுத்தார். உள்ளங்கையில் அடங்குகிற சைஸ். இரண்டு மாதம் விளையாடினாள். பிறகு பிளஸ் டூ வந்தது, அதற்குப் பிறகு மதுரையில் காலேஜ் ஹாஸ்டல். மெஷின் ஷோகேஸில் கண்ணாடி டம்ளர்களுக்குப் பின்னால் போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தூசி தட்டும்போது, ஓடுகிறதா பார்ப்போமே என்று பேட்டரி போட்டேன்.

அவ்வளவுதான். விழுந்தேன்.

விளையாட்டு என்னவென்று இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். காடு, மலை, குகையெல்லாம் சின்னச் சின்னப் பூதங்கள். அவற்றைப் பிடிக்க வேண்டும், தீனி போட்டு வளர்க்க வேண்டும், அடுத்தவன் பூதத்தோடு சண்டைக்கு விட வேண்டும். சேவல் சண்டை மாதிரிதான், ரத்தம் மட்டும் கிடையாது. எட்டு மலை, எட்டுத் தலைவர்கள். எட்டுப் பேரையும் ஜெயித்தால் விளையாட்டு முடிந்தது.

என் மனைவி மும்தாஜ் முதலில் சிரித்தாள். பிறகு கவலைப்பட்டாள். பிறகு, ஆள் வீட்டில் சத்தம் போடாமல் ஒரு மூலையில் கிடக்கிறாரே, அதுவே போதும் என்று விட்டுவிட்டாள்.

காலை ஏழு மணி பஸ்ஸில் நான் விளையாட ஆரம்பித்தது அப்படித்தான். விருதுநகரிலிருந்து சிவகாசிக்கு நாற்பது நிமிஷம். அதுவரை அந்த நாற்பது நிமிஷமும் பேப்பர் படிப்பேன். பேப்பரை விட பூதங்கள் தேவலை என்று தோன்றியது.

ஆனைக்குட்டம் விலக்கில் ஒருவர் தினமும் ஏறுவார். முப்பத்தைந்து, முப்பத்தாறு வயசு இருக்கும். தோளில் ஒரு ரெக்ஸின் பை, அதற்குள் டிபன் பாக்ஸ். விரல் இடுக்குகளில் வெள்ளி நிறத்தில் மினுமினுப்பு. எங்கள் பக்கத்தில் அதைப் பார்த்தாலே தெரியும், பட்டாசுக் கம்பெனி ஆள். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அலுமினியப் பொடி முழுசாகப் போகாது.

மூன்று நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. நாலாவது நாள் மெதுவாகச் சொன்னார்.

"பாய், அந்தப் புழுவ அங்கன விடாதீக. அது தீ மலை. கருகிப் போகும்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் டிபன் பாக்ஸுக்கு அடியிலிருந்து ஒரு மெஷினை எடுத்தார். என்னுடையது நீலம், அவருடையது சிவப்பு. உள்ளே அதே விளையாட்டு.

அவர் பெயர் காளிராஜ். கம்பெனியில் போர்மேன். கலர் வெடிகளுக்கான மருந்துக் கலவை அவர் பொறுப்பு. சிங்கப்பூரில் இருக்கும் அவருடைய தம்பி, ஆறாம் வகுப்பு படிக்கும் அவர் மகள் பவித்ராவுக்காக வாங்கி அனுப்பியது அது. பகலில் பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடுவாள். அந்த நேரம் அப்பாவுக்கு. சாயங்காலம் பிள்ளைக்கு. ஒரே விளையாட்டை இருவரும் ஷிப்ட் போட்டு விளையாடினார்கள். கம்பெனிக்குள் பேட்டரி போட்ட எந்தச் சாமானும் கொண்டுபோகக் கூடாது என்பதால், மெஷினைக் கேட்டில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போவார். ஆகவே அவருடைய ஷிப்ட் என்பது என் பக்கத்தில் உட்கார்ந்து வரும் அந்த இருபத்தைந்து நிமிஷம் மட்டும்தான்.

யோசித்துப் பாருங்கள். எங்கள் இரண்டு பேருக்கும் பேச வேறு விஷயமே கிடையாது. நான் அச்சடிக்கிற லேபிளைத்தான் அவர் கம்பெனி வெடிப் பெட்டியில் ஒட்டுகிறார்கள்... அதைப் பற்றிக்கூட ஒரு தடவைதான் பேசியிருப்போம். மற்றதெல்லாம் பூதங்கள்தான். எந்தக் குகையில் எது கிடைக்கும், எதற்கு என்ன தீனி. பின் சீட்டில் இருக்கிறவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

அவரிடம் ஒரு பூதம் இருந்தது. அதைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன்.

கல்லுப்புக் கட்டி மாதிரி உடம்பு. அதற்கு இரண்டு குட்டைக் கால். முதுகெல்லாம் கூர்கூராகப் படிகம். விளையாட்டில் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. பவித்ரா அதை மாற்றி 'கல்லு' என்று வைத்திருந்தாள். இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிக்க முடியும் என்பதால் அது ஸ்கிரீனில் KALLU என்று வரும். அதை எட்டிப் பார்த்த கண்டக்டர், பாய் காலங்காத்தால கள்ளு வச்சிருக்காரு என்று பஸ் முழுக்கச் சொல்லிவிட்டார். ஒரு வாரம் மானம் போனது.

கல்லு சோறு, பழம் எதையும் தின்னாது. பூமிக்குள் தோண்டிக் கிடைக்கிற தாதுக்களை மட்டும்தான் தின்னும். கந்தகம் தின்றால் முதுகுப் படிகம் மஞ்சளாகும். இரும்பு தின்றால் செம்பழுப்பு. தாமிரம் தின்றால் பச்சை.

தாமிரத்துக்குப் பச்சை என்று பார்த்ததும் காளிராஜுக்குக் கோபம் வந்துவிட்டது. தாமிரத்துக்கு நீலம்தான் வரும், பச்சைக்குப் பேரியம், நான் பதினைந்து வருஷமாகக் கலக்குகிறேன், விளையாட்டைச் செய்த ஜப்பான்காரனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று சிவகாசி வருகிற வரைக்கும் வாதாடினார். மறுநாள் பஸ்ஸில் ஏறியதும் முதல் வேலையாக, ராத்திரி யோசித்துப் பார்த்தேன், ஜப்பான்காரன் சொன்னதுதான் சரி என்று ஒத்துக்கொண்டார். "கல்லா இருக்கும்போது ஒரு கலரு பாய், எரியும்போது ஒரு கலரு. நான் எரியுறத மட்டுந்தான பாத்திருக்கேன்."

ஒரு பூதத்தின் முதுகு நிறத்தைப் பற்றி ராத்திரி முழுக்க யோசித்து, தான் சொன்னது தப்பு என்று வந்து சொல்கிற மனுஷன். நான் அப்படியெல்லாம் ஒத்துக்கொள்கிற ரகம் இல்லை.

கல்லு நன்றாக வளர்ந்துவிட்டது. அதற்கு மேல் அது பெரிதாக வேண்டுமானால் ஒரே வழிதான் உண்டு. வேறொருவர் மெஷினுக்குள் போக வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்த அந்த நிமிஷத்தில் அது கடைசி உருவத்துக்கு மாறும். விளையாட்டின் சட்டம் அது. இரண்டு மெஷினையும் கேபிளால் இணைத்து, நீ ஒன்று கொடு, நான் ஒன்று கொடுக்கிறேன் என்று மாற்றிக்கொள்ள வேண்டும். சும்மா கொடுக்க முடியாது, பதிலுக்கு ஏதாவது ஒன்று கொடுத்தே ஆக வேண்டும்.

கேபிள் என்னிடம்தான் இருந்தது. ஷாநாஸுக்கு மெஷினோடு வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அதைச் செய்தோம். அவர் மெஷினுக்கும் என் மெஷினுக்கும் நடுவில் கருப்பு வயர். கண்டக்டர் தாண்டிப் போகும்போது, கரண்டு அடிச்சிறாம என்றார். பதிலுக்கு நான் கொடுத்தது அந்தப் பழைய புழு. நாலாவது லெவல். எதற்கும் உதவாது. திங்கட்கிழமை திரும்ப மாற்றிக்கொள்ளலாம், பாப்பாவுக்குச் சொல்லவில்லை, திடீரென்று காட்ட வேண்டும் என்றார் காளிராஜ்.

என் ஸ்கிரீனில் கல்லு மாறியது. முதுகுப் படிகங்கள் ஒவ்வொன்றாக உயர்ந்து, ஒரு சின்ன மலையே எழுந்து நிற்கிற மாதிரி ஆனது. இரண்டு பேரும் மூச்சு விடாமல் பார்த்தோம். சிவகாசி வந்துவிட்டது. அவர் இறங்கிக் கம்பெனி வேனுக்குப் போய்விட்டார்.

இனிமேல் சொல்லப்போவது என் லட்சணம்.

ஆறாவது மலையில் இரண்டு மாதமாக நான் மாட்டிக்கொண்டிருந்தேன். அந்தத் தலைவனை என்னால் அசைக்கவே முடியவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வந்து, சாயங்காலம் வீட்டில் கல்லை இறக்கினேன். ஒரே அடி. ஆறாவது தலைவன் காலி.

இன்னும் இரண்டே பேர்.

திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறியதும் காளிராஜ் கேட்டார். "பாய், கேபிள் கொண்டாந்தீகளா?"

"மறந்துட்டேன் காளி. நாளைக்கு."

கேபிள் என் மடியில் இருந்த பையில்தான் இருந்தது. முன்பக்க ஜிப்பில்.

ஏன் அப்படிச் சொன்னேன்? எனக்கே தெரியவில்லை. கொஞ்சம் நாளைக்கு மட்டும், இரண்டு பேரை ஜெயித்துவிட்டு என்று நினைத்தேன். கேட்டிருந்தால் அவரே, வச்சுக்கங்க பாய் என்றிருப்பார். ஆனால் கேட்பதற்குக் கூச்சம். நாற்பத்தாறு வயதில் ஒரு பொம்மையைக் கடன் கேட்பதா? பொய் சொல்வதற்கு மட்டும் கூச்சம் வரவில்லை. இது எந்த ஊர் நியாயம்?

செவ்வாய், புதன், வியாழன்... தினமும் கேட்டார். ஒரு நாள் மறந்தேன், ஒரு நாள் மகள் ஹாஸ்டலுக்குக் கொண்டுபோய்விட்டாள், ஒரு நாள் வயர் கட் ஆகியிருக்கிறது, பார்க்கக் கொடுத்திருக்கிறேன். பொய் ஒன்று என்றால் சமாளித்துவிடலாம். அதற்குக் குடும்பம் உண்டாகும்போதுதான் சிக்கல். பாப்பா தினமும் கல்லு எங்கே, கல்லு எங்கே என்று கேட்கிறாள் என்று ஒரு நாள் சொன்னார். அதற்கும் நான் தலையை ஆட்டினேன்.

அடுத்த வாரத்திலிருந்து அவர் கேட்கவில்லை. நான் சொன்னதை நம்பிவிட்டார் என்று நினைத்தேன். ஏழாவது தலைவனும் விழுந்தான்.

மூன்று வாரம் ஆனது. தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தது. பிரஸ்ஸில் இரண்டு மெஷினும் நிற்காமல் ஓடின. லேபிள் லோடு போய்க்கொண்டே இருந்தது. ஒரு நாள் காலை பதினோரு மணி வாக்கில் பைண்டிங் பையன்கள் மொட்டை மாடிக்கு ஓடினார்கள். மேற்கே புகை. மெஷின் ஓடின சத்தத்தில் எங்களுக்கு வேறு எதுவும் கேட்கவில்லை. பிரஸ்ஸில் பாதிப் பேருக்கு வீட்டு ஆட்கள் பட்டாசு வேலையில் இருக்கிறார்கள். ஆளாளுக்கு போன் அடித்தார்கள். நான் யாருக்கும் அடிக்கவில்லை. எனக்கு அங்கே யாரும் இல்லை என்று நினைத்தேன்.

மறுநாள் ஆனைக்குட்டம் விலக்கில் அவர் ஏறவில்லை. அப்போதுதான் கையில் இருந்த பேப்பரைப் பிரித்தேன். நாலு வரிச் செய்தி. மருந்து கலக்கும் அறையில் தீ. போர்மேன் காளிராஜ் பலத்த காயம். மதுரை ஆஸ்பத்திரியில் அனுமதி.

ஞாயிற்றுக்கிழமை மதுரைக்குப் போனேன். மெஷினையும் கேபிளையும் பையில் போட்டுக்கொண்டுதான் போனேன். எதற்கு? தீக்காயத்தோடு கிடக்கிற மனுஷன் கையில் கேம் கொடுக்கவா? தெரியாது. வெறுங்கையோடு அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வார்டு வாசல் படிக்கட்டில் ஒரு பெண் வயர்கூடையோடு உட்கார்ந்திருந்தார். காளிராஜின் மனைவி மாரியம்மாள். பார்த்ததே இல்லை என்னை. ஆனால் தாடியையும் தொப்பியையும் பார்த்து, "பஸ்ஸு பாயா?" என்றார். ஆமாம் என்றேன். உள்ளே ஒரு நேரத்துக்கு ஒருவரைத்தான் விடுகிறார்கள், போய்ப் பாருங்கள், கொஞ்சம் கொஞ்சம் பேசுகிறார் என்றார்.

நான் போகவில்லை.

பஸ்ஸில் தூசியோடு வந்திருக்கிறேன், தீப்புண்ணுக்கு ஆகாது, அடுத்த வாரம் குளித்துவிட்டுச் சுத்தமாக வருகிறேன் என்று சொன்னேன். அதுவும் சரிதான் என்றார் அந்தப் பெண். கதவில் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. அதன் வழியாகக்கூட எட்டிப் பார்க்கவில்லை. வேகமாக இறங்கி வந்துவிட்டேன்.

புதன்கிழமை அவர் இறந்துபோனார்.

துட்டி கேட்க அவர் வீட்டுக்கும் நான் போகவில்லை. சீசன் நேரம், பிரஸ்ஸில் லீவு கிடைக்காது என்று மும்தாஜிடம் சொன்னேன். லீவு நான் கேட்கவே இல்லை. மெஷினை மறுபடி ஷோகேஸில் டம்ளர்களுக்குப் பின்னால் தள்ளினேன். பஸ்ஸில் இடம் மாறி உட்கார்ந்தேன். விலக்கு வரும்போது தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்வேன். கண்டக்டர் ஒரு நாள் மட்டும், எங்க பாய் உங்க ஜோடி என்று ஆரம்பித்து, யாரோ சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டார். அப்புறம் அவர் என்னிடம் டிக்கெட் கேட்பதோடு சரி.

இரண்டு மாதம் ஓடியது. தீபாவளி வந்து போனது. போன வாரம் திங்கட்கிழமை சாயங்காலம் என்ன தோன்றியதோ, மெஷினை எடுத்தேன். எட்டாவது தலைவன் பாக்கி இருந்தான். மும்தாஜ் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என்றைக்கும் இல்லாமல் ஸ்கிரீனை எட்டிப் பார்த்தாள். இதில் எதெல்லாம் நீங்க பிடித்தது என்று கேட்டாள். ஒவ்வொன்றாகக் காட்டினேன். கல்லு வந்தபோது என் விரல் அதைத் தாண்டிப் போனது.

"அது?"

"அது காளியோடது. மாத்திக் குடுக்கணும்னு வாங்கினது."

கொத்தமல்லியைக் கீழே வைத்தாள். அவருக்குப் பிள்ளை உண்டா என்று கேட்டாள். ஒரு பொண்ணு, அவளோடதுதான் இது என்றேன். அதற்குப் பிறகு மொத்தக் கதையையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. முன் ஜிப் உட்பட.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"அமானிதம்ங்க அது. நம்பிக் குடுத்த பொருளு. இத வச்சுக்கிட்டு எப்படிங்க தொழுகைல நின்னீக?"

இருபது வருஷத்தில் என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

ஆக, வியாழக்கிழமை. விலக்கில் இறங்கி, விசாரித்துக்கொண்டே வீட்டைக் கண்டுபிடித்தேன். இரண்டு அறை வைத்த தளம் போட்ட வீடு. மாரியம்மாள் என்னைப் பார்த்ததும் நாற்காலியை எடுத்துப் போட்டார். பிள்ளை நாலே காலுக்குத்தான் வருவாள் என்றார். காப்பி போட்டார். சுவரில் காளிராஜ் போட்டோ. விரல்கள் தெரியாமல் மார்பு வரைக்கும் எடுத்தது. அரை மணி நேரம் நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டும் அவர் வாசலைப் பார்த்துக்கொண்டும் உட்கார்ந்திருந்தோம்.

பவித்ரா வந்தாள். ஒல்லியான பிள்ளை. இரட்டைச் சடை. யாரென்று அம்மா சொல்வதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பையை வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"கேபிள் கொண்டாந்தீகளா, மாமா?"

கொண்டுவந்திருக்கிறேன் என்றேன். எடுத்துக் காட்டினேன்.

பீரோவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்தாள். கம்பெனி கேட்டில் இருந்து வாட்ச்மேன் கொடுத்துவிட்ட கவர். உள்ளே டிபன் பாக்ஸ், வாட்ச், சிவப்பு மெஷின். அப்பா போன பிறகு அதை எடுக்கவே இல்லையாம். பேட்டரி இறங்கிப் போயிருந்தது. நான் கொண்டுபோன பேட்டரியைப் போட்டாள். கேபிளை மாட்டும்போது, அதன் முனையைத் தடவிப் பார்த்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"இது உங்க பையிலதான் இருக்கும்னு அப்பா சொன்னாக. முன் ஜிப்புல. வயரு கொஞ்சம் வெளிய தொங்கிக்கிட்டு இருந்துச்சாம்."

மாரியம்மாள், ஏ சும்மா இரு என்று அதட்டினார். அப்பா வேறு என்ன சொன்னாங்க என்று கேட்டேன்.

"பாய்க்கு இன்னும் ரெண்டு பேர்தான் பாக்கி, முடிச்சதும் தந்துருவாரு, ஆசைப்படுறாருன்னாக. அதுக்கப்புறம் நானும் கேக்கல, அப்பாவும் கேக்கல."

இரண்டு வாரம் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். பையைப் பார்த்திருக்கிறார். ஜிப்பைப் பார்த்திருக்கிறார். என் முகத்தையும் பார்த்திருப்பார். ஒன்றும் தெரியாத மாதிரி, எட்டாவது மலைக்கு என்ன தீனி போட வேண்டும் என்று எனக்கு யோசனை சொல்லிக்கொண்டு வந்தார்.

மாற்றினோம். கல்லு அவள் மெஷினுக்குப் போனது. அங்கிருந்து என் மெஷினுக்கு ஒன்று வந்தது. நான் கொடுத்தது புழு. வந்தது புழு இல்லை. நாலு இறக்கை முளைத்து, நீலமும் வெள்ளையுமாக ஒரு பெரிய பூச்சி. முப்பத்தியோராவது லெவல். தப்பாக வேறு எதையோ அனுப்பிவிட்டாய் என்றேன். இல்லை, அது உங்களுடையதுதான் என்றாள். சும்மா கிடந்ததாம். அவளும் அப்பாவும் தினமும் சாயங்காலம் உட்கார்ந்து வளர்த்தார்களாம். திருப்பிக் கொடுக்கும்போது நன்றாக இருக்க வேண்டும் என்று அப்பா சொன்னாராம்.

மெஷினை அணைக்காமல் மடியில் வைத்துக்கொண்டேன்.

அவள் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிதான பிறகு அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஸ்கிரீனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். மாரியம்மாள் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். அவருக்கு அதில் ஒன்றும் புரிந்திருக்காது. ரொம்ப நேரம் பார்த்தார்.

"இம்புட்டுப் பெருசானத அப்பா பாத்தாகளா?" என்று பிள்ளை என்னைக் கேட்டாள்.

பார்த்தார் என்றேன். பஸ்ஸில் வைத்து என் பக்கத்தில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தார்.

"என்ன சொன்னாக?"

அன்றைக்கு வேனுக்கு இறங்கும்போது படியில் நின்று காளிராஜ் ஒன்று சொன்னார். அதை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. மும்தாஜிடம்கூட. பாப்பா இதைப் பார்த்தால் சந்தோஷத்தில் ரெண்டு நாளைக்குச் சாப்பிட மாட்டாள் என்றார். அதைச் சொன்னேன்.  பிள்ளை மெஷினை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை. உள்ளேயிருந்து மெஷின் சத்தமும் கேட்கவில்லை.

கிளம்புவதற்கு எழுந்தேன். வாசலில் நின்று மாரியம்மாளிடம், என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். கேபிளைப் பற்றித்தான் சொன்னேன். அவர் வேறொன்றை நினைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரில நீங்க உள்ள போயிருக்கலாம் பாய். நீங்க கிளம்பினதும் நான் உள்ள போனேன். வெளிய யாரு, பேச்சுச் சத்தம் கேட்டுச்சேன்னாரு. பஸ்ஸு பாய்னு சொன்னேன். வரச் சொல்லுன்னாரு. நான் வெளிய வந்து பாக்குறதுக்குள்ள நீங்க படி இறங்கிட்டீக. தெரு வரைக்கும் வந்து பாத்தேன்."

குரலில் கோபம் இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். என்ன சொல்லக் கூப்பிட்டார் என்று கேட்டேன். அது தெரியாது என்றார். அதற்குப் பிறகு காளிராஜ் பேசவே இல்லையாம்.

விலக்கு வரைக்கும் நடந்து வந்தேன். பஸ் வர இருபது நிமிஷம் ஆனது. வீட்டுக்குப் போனதும் மும்தாஜ், கொடுத்துட்டீகளா என்று மட்டும் கேட்டாள். கொடுத்துட்டேன் என்றேன். எட்டாவது தலைவன் அப்படியே இருக்கிறான். அவனை ஜெயிக்கிற உத்தேசம் எனக்கு இல்லை.

நாம் சொல்கிற பொய்யை எல்லாரும் நம்பிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு வாழ்கிறோம். பாதிப் பேர் நம்பவில்லை. விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். பொருளை எப்படியோ கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன், கிட்டத்தட்ட மூன்று மாதம் தாமதமாக. அந்த வார்டுக் கதவுக்கு அந்தப் பக்கம் எனக்காகக் காத்திருந்த ஒரு நிமிஷத்தை எந்த கேபிளைப் போட்டு எங்கே போய் வாங்குவது?

இன்று ஞாயிற்றுக்கிழமை. போய்ப் பார்க்க வேண்டியவர் யாராவது உங்களுக்கும் இருப்பார். பத்திரிகையை மூடி வையுங்கள், பஸ் ஓடுகிறது.